மணி என்ன சாதி?

ஓரிக்கையில் ஒரு நாய்க்காக மூன்று நாள் அலைந்தோம். சாதிச் சான்றிதழுக்கு அலைந்திருக்கிறோம், பட்டாவுக்கு அலைந்திருக்கிறோம், பிணம் கொண்டுபோகும் பாதைக்காக அலுவலகப் படிக்கட்டுகளில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நாய் எந்த இனம் என்று நிரூபிக்க அலைந்தது அதுதான் முதல் தடவை. எங்களில் சமூகவியல் முதுகலை படித்தவர் உண்டு, சட்டம் படித்தவர் உண்டு. நாயைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

2024 மே மாதம் அது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள். பெரிய நாய் என்றாலே தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு ஓரிக்கைக்கும் வந்தது.

பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நம் மக்களின் குடியிருப்பில் ஒரு வீடு. அப்பா கூலிக்கு நெய்கிறவர். பட்டும் ஜரிகையும் மாஸ்டர் வீவர் கொடுப்பார், புடவை முடிந்தால் கூலி. முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. காஞ்சிபுரம் பட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சில நெசவுச் சாதிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். சுற்றுவட்டாரச் சேரிகளில் எத்தனை வீட்டில் தறி இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. இந்த வீட்டிலும் ஒரு தறி. மூத்த பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். கோர்வைப் புடவைக்கு நாடா தள்ள இரண்டாவது ஆள் வேண்டும். விடுமுறையில் அந்த இரண்டாவது ஆள் அவன்தான்.

அவனிடம் ஒரு நாய். பெயர் மணி. வெள்ளை நிறம், நீண்ட கால்கள், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. நின்றால் பையனின் இடுப்புக்கு வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த மறுநாள், பாலத்துக்குக் கீழே சிமெண்ட் சாக்கில் கட்டிப் போடப்பட்டிருந்த மூன்று குட்டிகளில் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான் என்று பையன் சொன்னான். உள்ளங்கையில் அடங்கும் ஈரக் குட்டி. ஆயா தன் டீயில் பாதியை விட்டு வளர்த்தார்.

பாலத்தில் மாலை நேரத்தில் மணியோடு நடந்த பையனை ஒருவர் பைக்கை நிறுத்திப் பார்த்தார். அவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோப்பும் வீடும் உண்டு. பட்டு கொடுக்கும் மாஸ்டர் வீவருக்கு உறவுக்காரர். பொங்கல் சமயத்தில் அவருடைய ராஜபாளையம் நாய் காணாமல் போயிருக்கிறது. காகிதத்தோடு வாங்கிய நாய், நான்கு வயது. மறுநாள் காலை இரண்டு பேரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“பாத்தாலே தெரியுது, சாதி நாய். இவனுங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

இதுதான் அவர் வைத்த சாட்சி. நாயின் கழுத்தில் அடையாளம் இல்லை, தோலுக்குள் சிப் இல்லை, அவர் கூப்பிட்டால் அது திரும்பவும் இல்லை. பார்த்தாலே தெரிகிறது, அவ்வளவுதான். நாயைப் பார்த்தார், அது உயர்ந்தது என்று தெரிந்தது. பையனைப் பார்த்தார், அவன் திருடன் என்று தெரிந்தது. இரண்டு அடையாளத்தையும் ஒரே பார்வையில் முடித்துவிட்டார். மதியத்துக்குள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. எழுத்துப்பூர்வமான புகார் இல்லை. “பையனைக் கூட்டினு வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்கள். பதினைந்து வயதுப் பையனுக்குக் காவல் நிலையம் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆயா எங்களுக்குப் போன் செய்தார். “நாய அவுத்து வுட்டுடலாம் தம்பி, புள்ளய வுட சொல்லு.”

நாங்கள் போனபோது தெருவில் ஆளுக்கொரு போனில் மணியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தை வைத்து இனம் சொல்லும் செயலியில் போட்டால் ஒருவருக்கு லாப்ரடார் என்று வந்தது, இன்னொருவருக்கு டோகோ அர்ஜென்டினோ, மூன்றாமவருக்கு அக்பாஷ். கடைசி இரண்டும் சிக்கல். 2024 மார்ச் 12ஆம் தேதி ஒன்றிய அரசின் கால்நடைத் துறை, மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 நாய் வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிமம் தரக்கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் நீதிமன்றச் செய்தி பட்டியல் போன வேகத்தில் வாட்ஸ்அப்பில் போகவில்லை. பிட்புல், ராட்வைலரோடு டோகோ அர்ஜென்டினோவும் அந்தப் பட்டியலில் உண்டு. துருக்கியில் ஆட்டு மந்தையைக் காக்கும் வெள்ளை நாயான அக்பாஷும் உண்டு. ஆக, மணி ராஜபாளையம் என்றால் திருட்டு நாய். டோகோ என்றால் தடை செய்யப்பட்ட நாய். வெறும் தெரு நாய் என்றால் மட்டுமே பையனுக்கு நல்லது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தோம். ராஜபாளையம் நாய்க்கு உடல் முழுக்கப் பால் வெள்ளை. தோல் இளஞ்சிவப்பு, மூக்கும் இளஞ்சிவப்பு. கண் பொன்னிறம். காது தொங்கும், வால் நுனியில் லேசாகச் சுருளும். தோளுயரம் ஏறக்குறைய 65 முதல் 75 சென்டிமீட்டர். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பாளையக்காரர்கள் வளர்த்ததால் ஆங்கிலத்தில் பாளையக்காரர் நாய் என்றே ஒரு பெயர் உண்டு. 2005இல் அஞ்சல் தலையில் வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாய் இனப்பெருக்கப் பிரிவு வைத்து இதையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் வளர்த்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசிய பிறகு விலையும் ஏறியது. கோம்பை வேறு மாதிரி, செம்பழுப்பு உடம்பும் கருத்த முகமும் கொண்ட கட்டையான காவல் நாய். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் மெலிந்த வேட்டை நாய்கள்.

அந்தப் பால் வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. நிறமி இல்லாத வெள்ளையை விடாமல் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால் ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறக்கின்றன. அழகுக்காக உறவுக்குள்ளேயே சேர்க்கச் சேர்க்கச் செவிட்டுத்தன்மை வருகிறது. இதைப் படித்ததும் எங்களில் ஒருவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று விளக்கவில்லை. எங்களுக்கும் தேவைப்படவில்லை.

‘சாதி நாய்’ என்ற சொல்லை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். சேரியிலும்தான். விலை கொடுத்து வாங்குவது சாதி நாய், வாசலில் தானாக வந்து படுப்பது தெரு நாய். மனிதரிடம் இருப்பதை நாய்க்கு ஏற்றிவிட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாது. சாதி என்ற சொல்லுக்கே பிறப்பு, வகை என்று பொருள் இருப்பதால் அது இரண்டு பக்கமும் வசதியாகப் போய்வருகிறது. ஆங்கிலத்தில் கதை இன்னும் மோசம். இந்தியத் தெரு நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ‘பரியா டாக்’. பருந்துக்கு ‘பரியா கைட்’. பறையர் என்ற நம் பெயரை எடுத்து, ஊரில் எதற்கெல்லாம் உடைமைக்காரர் இல்லையோ அதற்கெல்லாம் ஒட்டினான். உலகம் முழுக்க அகராதிகளில் இன்றும் அது ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் கிடக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கியதன் கனம் இந்த இடத்தில் புரியும். இப்போது நாய் ஆர்வலர்கள் ‘பரியா’வை விட்டுவிட்டு ‘இண்டி’ என்று கூப்பிடுகிறார்கள். நாய்க்குப் பெயர் மாறிவிட்டது, நல்லது.

நாயும் சாதியும் இந்த நாட்டில் புதிதாகச் சந்திக்கவில்லை. தென் மாவட்டங்களில் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில், தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சில கிராமங்களில் பதிவாகியிருக்கிறது. சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு சேர்ந்துவிடும் என்ற பயம்! 2010இல் மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில், தலித் பெண் ஒருவர் மிச்ச ரொட்டியைப் போட்டார் என்பதற்காகச் சாதி இந்து வீட்டு நாய் தீட்டாகிவிட்டது என்று பஞ்சாயத்து கூடி அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அரியானா மிர்ச்பூரில், வால்மீகி குடியிருப்பு நாய் ஒன்று வழியில் போன ஜாட் இளைஞர்களைப் பார்த்துக் குரைத்ததில் தகராறு தொடங்கியது. சில நாளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. எழுபது வயது முதியவரும் மாற்றுத்திறனாளியான அவர் மகளும் எரிந்து செத்தார்கள். ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது கருப்பியின் சாவைப் பார்த்து மிகை என்று சொன்னவர்கள் உண்டு. எங்களுக்கு மிகையாகத் தெரியவில்லை.

பார்த்தாலே தெரியும் என்பதற்கு ஒரு காலத்தில் கருவி வைத்து அளந்தார்கள். ரிஸ்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி வங்காளத்தில் மக்களின் மூக்கை அளந்தார். மூக்கு கூராக இருந்தால் சாதி மேலே, அகலமாக இருந்தால் கீழே என்று அட்டவணை போட்டார். இங்கே சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் அதே வேலையைச் செய்தார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றைக்கும் எங்கள் துறையில் எடுத்துப் புரட்டாதவர் இல்லை. பாபாசாகேப் 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் இதே மூக்கு அளவுகளை எடுத்துவைத்தார். இந்த அளவு உண்மை என்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதானே வருகிறது என்று அவர்கள் கணக்கை வைத்தே அவர்களை மடக்கினார். சாதிகள் தனித்தனி இனங்கள் அல்ல என்பதை 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொல்லிவிட்டார்.

நாய்க்கே பார்வை அளவுகோல் சரியாக உதவுவதில்லை. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை விசாரித்து, அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தது. ஒரு நாயின் குணத்தில் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது 9 சதவீதம்தான். நிறம், காது, உயரம் எல்லாம் பரம்பரையில் வரும். கடிக்குமா, கொஞ்சுமா என்பது வளர்ப்பில், வாழ்ந்த இடத்தில், கட்டிவைத்த சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. காவல் நாய்க்குப் பெயர் போன பங்களாக்களில் பார்த்திருப்பீர்கள். கோட் போட்டவர் வந்தால் வாலாட்டும், முதுகில் சாக்கோடு குப்பை எடுக்க வருகிறவரைக் கண்டால் கேட்டில் ஏறும். அதற்குச் சாதி தெரியாது. கேட்டுக்கு வெளியே யாரை நிறுத்த வேண்டும் என்று வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

மூன்றாம் நாள் மணியை ஷேர் ஆட்டோவில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். தறியிலிருந்து அவிழ்த்த கயிற்றில் கட்டி, பையனும் நாங்களும் நடந்தே அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். தோப்புக்காரரையும் வரச் சொல்லியிருந்தோம். வந்தார்.

மருத்துவர் வாய் அதிகம் பேசாதவர். முதலில் மூக்கைப் பார்த்தார். கறுப்பு. கண் இமை ஓரம் கறுப்பு. காது மடலை நீக்கி, ரோமத்தை எதிர்த்திசையில் தடவினார். உள்ளே வெளிர் பழுப்புத் திட்டு. வயிற்றுத் தோலில் சாம்பல் புள்ளிகள். “ராஜபாளையம் ரத்தம் கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்து எழுதித் தர முடியாது” என்றார். தோப்புக்காரர், வெயிலில் அலைந்தால் மூக்கு கறுத்துவிடும் என்றார். மருத்துவர் பதில் சொல்லாமல் மணியின் வாயைத் திறந்தார். கீழ்த்தாடை முன்பற்களின் முனையில் பூவிதழ் போல மூன்று மேடுகள். நாய் வளர வளர எலும்பு கடித்துக் கடித்து அவை தேய்ந்து மட்டமாகிவிடும். மணிக்கு அவை இன்னும் மழுங்கவில்லை. பற்களில் காரையும் இல்லை.

“இதுக்கு ரெண்டு வயசுகூட ஆகல. உங்க நாய்க்கு எவ்ளோ?”

நான்கு வயது என்று அவரே வாசலில் நின்று சொன்னதைத் தெருவே கேட்டிருந்தது. பையன் அப்பாவின் போனில் இருந்த படத்தைக் காட்டினான். ஈரச் சாக்குக்கு மேல் கண் திறந்தும் திறக்காமலும் ஒரு குட்டி, 2022 டிசம்பர் தேதியோடு. அப்போதே கேட்டிருந்தால் காட்டியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

தோப்புக்காரர் கொஞ்ச நேரம் மணியையே பார்த்தார். “அப்ப இது சாதி நாய் இல்லியா?” என்றார். பிறகு, “சரி, நமக்கெதுக்கு. வச்சிக்கட்டும்” என்று பைக்கை எடுத்தார். பையனைத் திருடன் என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை இல்லை. நாய் தன்னுடையது இல்லை என்பதால் அவர் போகவில்லை. அது மட்டமானது என்று தெரிந்ததால் போனார். அவர் முகத்தில் இருந்தது அருவருப்பு, ஏமாற்றம் அல்ல.

எங்களுக்கு உறுத்துவது அது மட்டும் இல்லை. அந்த மூன்று நாளும் நாங்கள் எதற்காகப் பாடுபட்டோம்? மணி சுத்தமான இனம் கிடையாது, கலப்பு, பாருங்கள் காதில் கறை, வயிற்றில் புள்ளி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உயர்ந்த நாய் இல்லை என்று நிரூபித்தால்தான் சேரியில் இருக்க அதற்கு உரிமை. எதிராளியின் தராசைக் கையில் வாங்கி, அதில் நம் பக்கம் எடை குறைவு என்று நாங்களே கூவினோம். மணி அசல் ராஜபாளையமாகவே இருந்திருந்தால்? சாக்கில் கட்டி ஆற்றில் போட்டவன் பண்ணைக்காரனாகவே இருந்து, காது கேளாத குட்டி என்று தூக்கிப் போட்டிருந்தால்? அப்போது என்ன வாதம் வைத்திருப்போம்? பல் காப்பாற்றியது. பல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பி நடக்கும்போது பேசிக்கொண்டே வந்தோம், முடிவுக்கு வரவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. பட்டியலின மக்கள் மீது பொய்த் தகவல் கொடுத்து, அதன்பேரில் அரசு ஊழியர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் துன்புறுத்த வைப்பது 3(1)(q) பிரிவின்படி குற்றம். புகார் எழுதிக்கூட வைத்தோம். அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தறியில் பாதிப் புடவை நிற்கிறது, முன்பணம் நிற்கிறது, மாஸ்டர் வீவரின் உறவுக்காரர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்றார். “நீங்க நாளைக்குப் போயிடுவீங்க சார். எனக்குப் பாவு யார் குடுப்பா?” அந்தக் கேள்விக்கு எங்கள் பையில் பதில் இல்லை. காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டோம். இன்னும் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் வெறிநாய்த் தடுப்பூசி போடச் சொன்னோம். அட்டையில் பெயர், வயது, பாலினம் எழுதிவிட்டு ‘இனம்’ என்ற இடத்தில் மருத்துவர் நிறுத்தினார். பையனைப் பார்த்தார். அவன் எங்களைப் பார்த்தான். எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் ஒரு கோடு போட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது, பையன் தேறிவிட்டான். அந்தப் புடவை முடிந்து கொடுத்த பிறகு அடுத்த பாவு பதினொரு நாள் கழித்துத்தான் வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் வரும். ஏன் தாமதம் என்று மாஸ்டர் வீவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பதினொரு நாளும் குழித்தறி காலியாகக் கிடந்தது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று மணி குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. ஆயா அதைத் துரத்தவில்லை.